மச்சு வழி இறங்கியவர்

எங்கள் வீட்டுப் படிக்கட்டைக் கட்டியவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆள் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது, தப்பித்தான்.

ஆதியில் அந்த வீட்டுக்கு மச்சே கிடையாது. ஒரே பெரிய கூடம், தரை நடுவில் நெருப்பு, புகை போகிற வழியில் போகட்டும் என்று கூரை வரைக்கும் வெட்டவெளி. இன்றைக்கும் பரணில் ஏறிப் பார்த்தால் கைமரமெல்லாம் கரியேறிக் கறுத்துக் கிடக்கும். பிறகு வந்த எங்கள் கெரிட்ஜ் குடும்பத்து முன்னோர் ஒருவருக்குக் கண் எரிந்ததோ என்னவோ, நடுவில் செங்கல்லால் புகைபோக்கி எழுப்பி, கூடத்துக்கு மேலே ஓக் உத்தரம் போட்டு, பலகை பரப்பி மச்சாக்கிவிட்டார். எல்லாம் செய்த மனிதர் ஏறி இறங்க மட்டும் இடம் விடவில்லை. புகைபோக்கியின் விலாவில் ஒட்டிக்கொண்டு, அலமாரிக் கதவு போன்ற ஒரு கதவுக்குள்ளே, ஒற்றைக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற படி. துணிக்கூடையோடு ஏறினால் கூடை ஒரு வளைவில் நிற்கும், நாம் ஒரு வளைவில் நிற்போம்.

சவப்பெட்டி அதில் இறங்காது. அதற்காகக் கூடத்து உத்தரங்களில் இரண்டுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, அங்கே மட்டும் பலகையை ஆணி அடிக்காமல் பொருத்தி வைத்திருந்தார்கள். யாராவது செத்தால் பலகையைத் தூக்கிவிட்டு, பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கூடத்தில் இறக்குவார்கள். இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் பக்கம் பல வீட்டில் இது உண்டு, யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதற்கு நேர் கீழே மேஜை போட்டுத்தான் சாப்பிட்டோம். ஆனால் உயிருள்ள எதுவும் அந்த வழியாக இறங்கக் கூடாது. ஒரு தடவை பலகையைத் துடைக்கத் தூக்கியபோது பூனை குதித்து இறங்கிவிட்டது. என் மாமியார் அதை அன்றைக்கே சாக்கில் கட்டி, வீட்டைச் சுற்றிய அகழியில் அமிழ்த்திவிட்டார். நல்ல எலி பிடிக்கும் பூனை.

பெட்டி உத்தரத்தைத் தாண்டும்போது கயிறு பிடிக்கிறவர் ஒன்று சொல்வார்: "தலைய பாத்துக்குங்க எஜமான்." எங்கள் வீட்டில் உத்தரம், நிலை எல்லாமே தாழ்வு. உயிரோடிருக்கும்போது அவரவர் தினமும் இடித்துக்கொண்ட தலைதான். செத்தவரிடம் பேசலாம் என்றால் அந்த ஒரு பேச்சு மட்டும்தான், அதற்குமேல் கூடாது.

எங்கள் குழந்தைகள் இரண்டும் அந்த வழியாக இறங்கவில்லை. சின்னப் பெட்டிகள். எனோக் ஃபுல்ச்சர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிலேயே இறங்கிவிட்டார்.

எனோக் எங்கள் பண்ணையின் தலைமைக் குதிரைக்காரர். என் கணவர் ஜெத்ரோவும் அவரும் ஒரே களத்தில் உருண்டு வளர்ந்தவர்கள். ஜெத்ரோ எஜமானாக ஆன பிறகும் இரண்டு பேருக்கும் நடுவே சீண்டலும் சிரிப்பும் குறையவில்லை.

ஜெத்ரோ மச்சுக்கு ஏறியது தன் காலில்தான். அறுவடை முடிந்த ஒரு ஈரமான மாலையில் காய்ச்சலோடு ஏறிப் படுத்தார். காய்ச்சல் போயிற்று. போகிற போக்கில் முழங்கால் இரண்டையும் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. நீட்டிய கால் நீட்டியபடியே நின்றது. இடுப்பு கொஞ்சம் மடங்கும், முதுகைத் திருப்பினால் உயிர் போகும். ஒரு தடவை தூக்கி இறக்கப் பார்த்தோம். இரண்டாவது வளைவில் கம்பத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஆள் சிக்கிக்கொண்டார். அவர் போட்ட அலறலில் லாயத்தில் குதிரைகள் கால் மாற்றி நின்றன. எப்படியோ இழுத்துத் திரும்பவும் மேலே கிடத்தினோம். அதற்குப் பிறகு படிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சுவரை உடைத்து இறக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது செங்கல் சுவர் இல்லை. சாண் இடைவெளியில் நிமிர்ந்து நிற்கிற ஓக் சட்டங்கள், நடுவில் வரிச்சு கட்டி மண்ணும் சாணியும் வைக்கோலும் அப்பியது. மண்ணைத் தட்டினால் உதிரும். சட்டத்தை அறுத்தால் கூரை கீழே வந்து ஏன் அறுத்தாய் என்று கேட்கும். போதாததற்கு வீடு எங்களுடையதே இல்லை. நிலத்தைப் போல அதுவும் குத்தகைதான்.

ஆனால் மேலே கிடந்த வரைக்கும் ஜெத்ரோதான் எஜமான். அதைச் சொல்லியே ஆக வேண்டும். பலகை இடுக்கு வழியாகக் கூடத்துப் பேச்செல்லாம் அவருக்குக் கேட்கும். கைத்தடியால் தரையைத் தட்டுவார், கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"எனோக்! மேக்கால வயல்ல ஏர் பூட்டுனியா இல்லியாடா?"

"பூட்டியாச்சு எஜமான். நம்பலேன்னா எறங்கி வந்து பாருங்க."

"எறங்கி வந்தா மொதல்ல உன் தோலத்தான் உரிப்பேன்."

"அதுக்குத்தான் இந்தப் படியக் கட்டுன மகராசன தெனமும் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

கூடம் சிரிக்கும். மேலேயும் சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நான் மாவு பிசைவேன். ஆள் பிழைத்துக்கிடக்கிறார் என்று அதில்தான் எனக்குத் தைரியம்.

கஷ்டம் சைலஸ் வழியாக வந்தது. சைலஸ் ஜெத்ரோவின் தம்பி, கல்யாணம் ஆகாதவன். அண்ணன் மேலே போன மறுவாரமே மேஜையின் தலைமாட்டில் இருந்த அண்ணன் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தான். "காலியாத்தானே கெடக்கு அண்ணி" என்றான். நான் அவன் தட்டில் கொழுப்பில்லாத வறட்டுத் துண்டாகப் பார்த்து வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாளுக்கு நிலச்சுவான்தாரின் காரியஸ்தர் வருவார். ஹாலோவே என்று பெயர். கூடத்து மேஜையில் வாத்துக்கறி சாப்பிட்டு, குத்தகைக்காரர் கையைக் குலுக்கினால் அடுத்த வருஷக் குத்தகை உறுதி. அவர் தொப்பைக்கும் எங்கள் படிக்கும் ஒத்துவராது. அந்த வருஷம் மேலேயிருந்து ஜெத்ரோ மரியாதையாகக் குரல் கொடுத்தார். ஹாலோவே உத்தரத்தைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சத்தத்துக்கெல்லாம் நான் கை குடுக்க முடியாதும்மா. குத்தகைக்காரர்னா இந்த மேஜையில உக்காந்திருக்கணும். இந்த ஒரு தடவ போகட்டும். அடுத்த வருஷமும் இப்பிடியே இருந்தா சைலஸ் பேருக்கு மாத்திடுவேன்."

சைலஸ் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் கைக்கு நிலம் போனால் நான் என் அடுப்படியிலேயே சோற்றுக்கு வேலைக்காரி. ஜெத்ரோ மேலே கிடக்கிற ஒரு வாய், அவ்வளவுதான்.

அடுத்த திருநாள் நெருங்கியபோது ஜெத்ரோ என்னைக் கூப்பிட்டார்.

"ஹெஸ்டர், அந்தப் பலகையத் தூக்கச் சொல்லு. நான் எறங்கப்போறேன்."

"உளறாதீங்க. அது செத்தவங்க எறங்குற வழி."

"வழிதானே? கயித்துக்கு உசுரு இருக்கிறவன் யாரு, இல்லாதவன் யாருன்னு தெரியுமா?"

எனக்கும் பயம்தான், ஒளிப்பானேன். ஆனால் சைலஸ் ரொட்டி தோய்த்த விதம் கண்ணிலேயே நின்றது. போய் எனோக்கிடம் கேட்டேன். குதிரைக்குச் சேணம் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெட்டியில இல்லாம அந்த வழியா யாரும் எறங்குனதில்லம்மா. என்னைய விட்டுடுங்க."

இதை வந்து சொன்னேன். ஜெத்ரோ கட்டில் ஆடச் சிரித்தார்.

"பெட்டிதானே வேணும்? தச்சன் கேட்டர்மோல வரச்சொல்லி அளவெடுக்கச் சொல்லு. என்னிக்கோ ஒரு நாள் செய்யவேண்டியதுதானே, இப்பவே செஞ்சு வச்சுக்கலாம்."

கேட்டர்மோல் அளவெடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்தான். ஆனால் எல்ம் மரப் பெட்டி நன்றாகவே அமைந்தது. பலகைகளை மச்சுக்கு ஏற்றி அங்கேயே பூட்டினான். எப்போதும் அப்படித்தான். எனோக் அரை மனதாகச் சம்மதித்தார், ஒரு கட்டுப்பாடு போட்டார்: மூடி போட வேண்டும். மூடி இல்லாவிட்டால் அது பெட்டி ஆகாதாம். ஆணி வேண்டாம், சும்மா மேலே வைத்தால் போதும் என்று பேசி முடித்தோம்.

ஃப்ராம்லிங்கம் ஊர்ச் சந்தைக்குச் சைலஸ் போன நாளில் வேலையை வைத்துக்கொண்டோம். மேஜையை நகர்த்திவிட்டு நான் கூடத்தில் நின்றேன். மேலே எனோக்கும் இன்னும் மூன்று ஆட்களும். பலகை விலகியது. தூசியும் பழைய வைக்கோல் துரும்பும் என் தலையில் கொட்டின. பிறகு பெட்டியின் அடிப்பக்கம் தெரிந்தது, கயிறு முறுக்கிக்கொண்டு மெள்ள மெள்ள இறங்கியது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பெட்டியின் தலைப்பக்கம் உத்தரத்தருகே வந்தது. எனோக் எத்தனையோ கெரிட்ஜ்களை இறக்கியவர். வாய் பழகிப் போயிருந்தது.

"தலைய பாத்துக்குங்க எஜமான்" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன் எனோக்" என்றது பெட்டி.

ஜெத்ரோ விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு பக்கத்துக் கயிறு சரேலென்று நழுவியது. கால்மாடு தரையில் மோதி, மூடி பறந்துபோய்க் கணப்பருகே விழுந்தது. உள்ளே ஜெத்ரோ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். மேலே ஓட்டையைச் சுற்றி நான்கு முகங்கள். ஒரு முகத்திலும் ரத்தம் இல்லை.

இறங்கி வந்து அவரை நாற்காலிக்குத் தூக்கி வைத்தார்கள், காலுக்கு முக்காலி போட்டார்கள். தொட்ட கையை எல்லாம் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். பீர் ஊற்றி வைத்திருந்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் நின்றபடி, தொப்பியைக் கழற்றி, பேசாமல் குடித்தார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் குடிப்போம்.

திருநாளுக்கு ஹாலோவே வந்தார். தலைமாட்டு நாற்காலியில் ஜெத்ரோ, வெளுத்த சட்டை, சீவிய தலை, காலுக்கு மேல் கம்பளி. ஹாலோவே கை கொடுத்தார், வாத்தின் தொடையைக் கேட்டு வாங்கினார், கோதுமை விலையைப் பற்றி ஓயாமல் பேசினார். குத்தகை உறுதியாயிற்று. ஆட்கள் வாசலோரம் தொப்பியைக் கையில் பிடித்துத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, "ஆளுங்கள நல்லா பழக்கி வச்சிருக்கீங்க கெரிட்ஜ்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வண்டி போன பிறகு ஜெத்ரோ உற்சாகமாக, "எனோக், அந்தக் கரும்பெட்டைக் குதிரைக்கு லாடம் தேஞ்சிருக்கு, நாளைக்கே மாத்திடு" என்றார்.

எனோக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போனார்.

"காது அடைச்சுக்கிச்சா இவனுக்கு?" என்றார் ஜெத்ரோ.

மறுநாளும் அப்படித்தான், அடுத்த வாரமும் அப்படித்தான். அவர் சொல்வதை நான் திருப்பிச் சொன்னால் வேலை நடக்கும். அவர் சொன்னால் யார் காதிலும் விழாது. திட்டிப் பார்த்தார். பழைய கதையை எல்லாம் எடுத்து வேடிக்கை பேசிப் பார்த்தார். அவர்கள் சின்னப்பையன்களாக இருந்தபோது அகழியில் விழுந்த கதையைச் சொன்னபோது எனோக்கின் உதடு துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். பதில் வரவில்லை. நான் பொறுக்காமல் லாயத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அந்த மனுஷன் உனக்கு என்னய்யா கெடுதல் செஞ்சாரு? ஒரு வார்த்த பேசுனா உன் வாயி வெந்துருமா?"

"நான் என்னம்மா செய்வேன்" என்றார். "அவரு பேசாம இருந்திருந்தா வெறும் பெட்டிய எறக்குனோம்னு மனசத் தேத்திக்கிட்டிருப்போம். அந்தப் பேச்சு செத்தவங்களுக்குச் சொல்றது. அதுக்கு அவரு பதில் சொல்லிட்டாரு. இனிமே நான் அவருகூடப் பேசுனா, செத்தவருகூடப் பேசுறதாத்தானே ஆகும்? எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

"அவரு கஞ்சி குடிக்கிறாரு, குளுருதுன்னு சொல்றாரு. செத்தவன் அதெல்லாம் செய்வானா?"

"தெரியலம்மா. எனக்குத் தெரியல" என்று குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

பயந்த மனிதனோடு வாதாட முடியாது. ஆனால் சைலஸ் பயந்தவன் இல்லை. அவனுக்கு நம்பிக்கை இருந்ததா, வசதியாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் எதிரில் உட்கார்ந்துகொண்டே ஆட்களிடம், "எங்கண்ணன் இருந்தப்போ இந்த வயல்ல அவரை வெதச்சாரு" என்பான். இருந்தப்போ. அதைச் சொல்லும்போது உப்பை எடுக்க அண்ணன் தட்டைத் தாண்டிக் கை நீட்டுவான். ஒரு நாள் பரிமாறுகிற பெண் மேஜையில் ஒரு தட்டைக் குறைத்து வைத்தாள். நான் அவளை அறைந்தேன். அவள் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள், அடுத்து வேலைக்கு யாரும் வரவில்லை.

குளிர் ஏறியது. மண் சுவர் ஈரம் குடித்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழைகிற விரிசலில் காற்று விசிலடித்தது. ஜெத்ரோ கணப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தார், ஆனாலும் இளைத்துக்கொண்டே போனார். பேச்சும் குறைந்தது. என்னிடம் மட்டும் பேசுவார், அதுவும் தணிந்த குரலில். யாராவது உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார். வேண்டாத இடத்தில் பேசிவிட்ட குழந்தை மாதிரி முழிப்பார்.

ஒரு நாள் மேலே ஓட்டையை அடைத்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெஸ்டர், என்னைய மேல ஏத்திட சொல்லு."

"எதுக்கு? எறங்குறதுக்கு அந்தப் பாடு பட்டீங்களே."

"மேல இருந்தப்போ நான் தட்டுனா அண்ணாந்து பாப்பானுங்க" என்றார். "நாற்காலி வேணாம். குத்தகைய அவனே வச்சுக்கட்டும். எனோக் ஒரு தடவ என்னைய ஏசுனா போதும் எனக்கு."

மறுபடி எனோக்கிடம் போனேன். சண்டை போடவில்லை, கெஞ்சினேன். ஈரத் தரையில் மண்டியிடக்கூடத் தயாராக இருந்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அந்த வழியா எறங்குனவங்க யாரும் மேல ஏறுனதே இல்லம்மா. ஏத்துனா, பின்னாலேயே வேற என்னென்ன ஏறுமோ. கேக்காதீங்க."

அகழி உறைந்து கிடந்த நாளில் ஜெத்ரோ போய்விட்டார். வெந்நீர் வைக்கப் போன நான் திரும்பி வந்தபோது தலை உத்தரத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. போவதற்கு முந்தின நாள் என்னைக் கேட்டார்: "நெசமா சொல்லு, நான் பேசுறது உனக்காவது கேக்குதா?" கேக்குது கேக்குது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

பெட்டி தானியக் கொட்டகையில் இருந்தது. புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கேட்டர்மோல் எடுத்த அளவு தப்பவில்லை, ஆள்தான் அளவுக்குக் குறைந்து இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. அந்த இடத்தில் அவர் கம்பளியை மடித்துச் சொருகினேன். சைலஸ் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஹாலோவேக்கு ஆள் அனுப்பிவிட்டதாக என்னிடம் சொன்னான். நான் கேட்கவே இல்லை.

தூக்குவதற்கு அதே நான்கு பேர் வந்தார்கள். மச்சு வேலை இல்லை, கீழேயே இருந்தார் அல்லவா. கூடத்திலிருந்து வாசல் வரைக்கும்தான் தூரம். எங்கள் வாசல் நிலை பூமி அமுங்கி அமுங்கி இன்னும் தாழ்ந்துபோனது, குனியாமல் யாரும் தாண்ட முடியாது. தலைமாட்டைப் பிடித்திருந்த எனோக் நிலைக்கு முன்னால் நின்றார். கன்னத்தில் நீர் ஓடியது. பொய் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தலைய பாத்துக்குங்க எஜமான்" என்றார்.

மிக்கேல் திருநாளுக்கு முன்னால் பெட்டி இறங்கிய நாளிலிருந்து அந்த வாய் ஜெத்ரோவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. குளிர்காலம் முழுக்க அவர் ஏங்கிக் கேட்ட குரல்.

சொல்லிவிட்டு அவர்கள் நகரவில்லை. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

எனோக்கின் தோள் தளர்ந்தது. என் பக்கம் திரும்பி, எனக்கு ஆறுதல் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்:

"இப்பத்தாம்மா எஜமான் நல்லபடியா எறங்கியிருக்காரு."

பிறகு குனிந்து நிலையைத் தாண்டி அவரை வெளியே கொண்டுபோனார்கள். இனி பதில் வராது என்ற தைரியத்தில், அந்த ஒரு பேச்சுக்குமேல் கூடாது என்பதையும் மறந்து, முற்றம் முழுக்க எனோக் அவரோடு பேசிக்கொண்டே போனார். கரும்பெட்டைக்கு லாடம் மாத்தியாச்சு எஜமான், மேக்கால வயல்ல அவரைச் செடி மொளச்சிருச்சு எஜமான் என்று ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டே போனார்.